ஒரே எண், மூன்று அடுக்குகள்

6.5 என்ற எண்ணின் அடுக்கு எவ்வளவு என்று சி மொழியிடம் கேட்டால், கேட்கிற இடத்தைப் பொறுத்து பதில் மாறும். ஐலாக்பி என்ற ஃபங்ஷன் 2 என்று சொல்லும். ஃப்ரெக்ஸ்ப் 3 என்று சொல்லும். மெமரியில் அந்த எண் உட்கார்ந்திருக்கும் 64 பிட்டுகளுக்குள் நேரடியாக எட்டிப் பார்த்தால் 1025 இருக்கும். மூன்றுமே சரியான பதில்கள்தான். மிதவைப் புள்ளி எண்ணிலிருந்து அடுக்கைப் பிரிப்பது ஒரு வரி வேலை என்று நினைத்து எழுதப்படும் புரோகிராம்கள் தடுமாறுவதற்குக் காரணம் பெரும்பாலும் கணக்கு தெரியாமை அல்ல. இந்த மூன்றில் தனக்கு எது வேண்டும் என்று எழுதியவர் முடிவு செய்திருக்க மாட்டார்.

இன்று புழக்கத்தில் இருக்கும் ஏறக்குறைய எல்லாக் கணினிகளும் 1985இல் வெளியான ஐஇஇஇ 754 தரத்தைப் பின்பற்றுகின்றன. அதன்படி டபிள் வகை எண்ணில் குறிக்கு 1 பிட், அடுக்குக்கு 11 பிட், பின்னப் பகுதிக்கு 52 பிட். 6.5ஐ இரும எண்ணாக எழுதினால் 110.1. புள்ளியை முதல் 1க்குப் பக்கத்தில் நகர்த்தினால் 1.101 × 2². முன்னால் நிற்கும் அந்த 1 எப்போதும் இருக்கும் என்பதால் அதைச் சேமிப்பதில்லை. அடுக்கு 2 அப்படியே போகாமல் 1023 கூட்டப்பட்டு 1025ஆகப் போகிறது. ஃப்ளோட் வகையில் அடுக்குக்கு 8 பிட்தான், கூட்டப்படுவது 127.

இந்தக் கூட்டல் வீண் வேலை அல்ல. எதிர்ம அடுக்குகளுக்குத் தனியாகக் குறி வைக்க வேண்டியதில்லை. தவிர, இரண்டு நேர்ம எண்களின் பிட்டுகளைச் சாதாரண முழு எண்களாகப் படித்து ஒப்பிட்டாலும் பெரியது பெரியதாகவே வரும். அடுக்குப் புலத்தில் இரண்டு மதிப்புகள் மட்டும் ஒதுக்கப்பட்டவை. எல்லாப் பிட்டும் 1 ஆகி 2047 வந்தால் அது முடிவிலி, அல்லது எண்ணே அல்ல என்று காட்டும் நேன். எல்லாப் பிட்டும் 0 ஆனால் அது பூஜ்யம், அல்லது சப்நார்மல் எனப்படும் மிகச் சிறிய எண். இந்தச் சப்நார்மல்கள்தான் பின்னால் வரும் சிக்கல்களில் பாதிக்குக் காரணம். ஆனால் முதலில் பலரும் விழும் பள்ளம் வேறு.

அடுக்கு என்றதும் கை தானாக மடக்கைக்குப் போகிறது. லாக்2 எடு, ஃப்ளோர் போடு, முடிந்தது. பள்ளிக் கணக்கில் இது பிசகில்லாத வழி. டபிளில் 8க்குச் சரியாக ஒரு படி கீழே இருக்கும் எண்ணை எடுத்துக்கொள்வோம். அச்சிட்டால் 7.999999999999999 என்று வரும். 8ஐ எட்டவில்லை என்பதால் அதன் அடுக்கு 2. அதன் உண்மையான மடக்கை 3ஐ விட ஏறத்தாழ 1.6 × 10⁻¹⁶ குறைவு. ஆனால் 2க்கும் 4க்கும் இடையில் டபிள் எண்கள் 4.4 × 10⁻¹⁶ இடைவெளியில்தான் நிற்கின்றன. 1.6 அந்த இடைவெளியில் பாதிகூட இல்லை. எனவே மடக்கை சரியாக 3.0க்கு உருட்டப்படுகிறது. ஃப்ளோர் 3 தருகிறது. விடை ஒன்று கூடிவிட்டது.

இதில் லைப்ரரியைக் குறை சொல்ல இடமில்லை. கடைசி பிட் வரை துல்லியமான லாக்2 எழுதினாலும் அது 3.0தான் தரவேண்டும், ஏனென்றால் அதுவே மிக அருகிலுள்ள எண். எண் பெரிதாக ஆக நிலைமை மோசமாகும். 2¹⁰⁰⁰க்குச் சற்றுக் கீழே 350க்கும் மேற்பட்ட டபிள் எண்கள் வரிசையாக நின்று, எல்லாம் தங்கள் மடக்கை 1000 என்றே சொல்லும். இரண்டு மடக்கைகளை வகுக்கும் பழைய பழக்கம் இன்னும் ஆபத்து. 1000இன் இயல் மடக்கையை 10இன் இயல் மடக்கையால் வகுத்தால் பெரும்பாலான கணினிகளில் 2.9999999999999996 வரும். ஃப்ளோர் போட்டால் 2. எண்ணின் தோராயமான அளவு தெரிந்தால் போதும், ஓரத்தில் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் கவலையில்லை என்ற இடத்தில் மடக்கை வழி தாராளமாகப் போதும். அடுக்கையே கேட்கிற இடத்தில் அது வேண்டாம் என்பேன்.

சி மொழி இதற்கென்றே தந்த முதல் கருவி ஃப்ரெக்ஸ்ப். 1979இல் வந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸ் கையேட்டிலேயே அது இருக்கிறது. 1989 ஆன்சி தரம் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. எண்ணை வாங்கி, 0.5க்குக் குறையாமல் 1ஐத் தொடாமல் ஒரு பின்னத்தைத் திருப்பித் தரும். அடுக்கைப் பாயின்டர் வழியாக வேறொரு மாறியில் போடும். 6.5 அதன் கண்ணில் 0.8125 × 2³. அதனால்தான் 3. இன்றைய தரத்தில் பின்னம் 1க்கும் 2க்கும் இடையில் இருக்க, இது ஏன் பாதிக்கும் ஒன்றுக்கும் இடையில் நிற்கிறது? யூனிக்ஸ் வளர்ந்த பிடிபி-11 கணினியின் மிதவைப் புள்ளி வடிவம் அப்படி. அங்கே மறைந்திருக்கும் 1 புள்ளிக்கு வலப்பக்கம் இருந்தது, கூட்டப்பட்டது 128. கணினி காட்சிக்கூடத்துக்குப் போய்விட்டது, வழக்கம் தங்கிவிட்டது. டபிளின் மிகப் பெரிய அடுக்கு 1023 என்று ஐஇஇஇ தரம் சொல்ல, சி மொழியின் ஃப்ளோட் ஹெடர் கோப்பு 1024 என்று அறிவிப்பதும் இதே காரணத்தால். கீழ் எல்லையும் அங்கே −1022, இங்கே −1021. இரண்டு ஆவணங்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு குழம்புகிறவர்களை அவ்வப்போது பார்க்கலாம்.

லாக்பியும் ஐலாக்பியும் 1999 தரத்தில் வந்தவை. முன்னது அடுக்கை மிதவைப் புள்ளி எண்ணாகத் தரும், பின்னது முழு எண்ணாக. பெயரில் மடக்கை இருந்தாலும் உள்ளே மடக்கைக் கணக்கு எதுவும் நடப்பதில்லை. 8க்கு ஒரு படி கீழுள்ள அந்த எண்ணை ஐலாக்பியிடம் கொடுத்தால் 2 என்று சரியாகச் சொல்லும்.

சப்நார்மல்களிடம் வருவோம். டபிளில் இயல்பான எண்களில் மிகச் சிறியது 2⁻¹⁰²². அதற்குக் கீழே போனால் நேராகப் பூஜ்யத்தில் விழாமல், முன்னால் நிற்கும் 1ஐக் கைவிட்டு, துல்லியத்தைப் பிட் பிட்டாக இழந்துகொண்டே 2⁻¹⁰⁷⁴ வரை இறங்கலாம். இது வேண்டுமா என்பதில் தரம் உருவான காலத்தில் பெரிய சண்டையே நடந்தது. பெர்க்லியைச் சேர்ந்த வில்லியம் காஹன் வேண்டும் என்றார். இன்டெல் 1980இல் வெளியிட்ட 8087 சிப் அவர் பக்கம் நின்றது. வேகம் கெடும் என்று டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் எதிர்த்தது. அந்த நிறுவனமே அமர்த்திய எண்கணிப்பு வல்லுநர் ஜி. டபிள்யூ. ஸ்டூவர்ட் ஆராய்ந்துவிட்டுக் காஹன் சொல்வதே சரி என்று அறிக்கை கொடுத்தார். காஹனுக்கு 1989இல் டூரிங் விருது கிடைத்தது.

சண்டை முடிந்தது, கேள்வி முடியவில்லை. 2⁻¹⁰⁷⁴ என்ற எண்ணின் அடுக்கு என்ன? கணித ரீதியாக −1074. ஆனால் மெமரியில் அதன் அடுக்குப் புலம் வெறும் 0. அதிலிருந்து 1023ஐக் கழித்தால் −1023. தரத்தின் நோக்கில் 0 என்ற புலத்துக்குப் பொருள் −1022. லாக்பி எதைத் தரவேண்டும் என்பதில் 1985 தரத்தின் பின்னிணைப்பு ஒரு பக்கமும், 1987இல் வந்த அதன் உறவுத் தரமான 854 மறுபக்கமும் நின்றன. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1993இல் இலவசமாக வெளியிட்ட எஃப்டிலிப்எம் கணித லைப்ரரியை இன்றும் படிக்கலாம். அதில் லாக்பி எல்லாச் சப்நார்மல்களுக்கும் −1022 தருகிறது. பக்கத்திலேயே உள்ள குறிப்பு, இது ஐஇஇஇ சோதனையில் தேறுவதற்காக வைக்கப்பட்டது, பரிந்துரைக்கவில்லை, ஐலாக்பியைப் பயன்படுத்துங்கள் என்கிறது. தன் ஃபங்ஷனைத் தானே பயன்படுத்தாதீர்கள் என்று எழுதிவைக்கும் நேர்மை மென்பொருளில் அரிது. 1999 சி தரம் 854இன் பக்கம் சாய்ந்து விவகாரத்தை முடித்தது. சப்நார்மலை இயல்பான எண் போலச் சீராக்கி, −1074 என்றே சொல்ல வேண்டும். ஃப்ரெக்ஸ்ப் தன் வழக்கப்படி ஒன்று கூட்டி −1073 சொல்லும்.

பூஜ்யத்துக்கும் முடிவிலிக்கும் அடுக்கு கிடையாது. ஆனாலும் ஃபங்ஷன் எதையாவது திருப்பித் தந்தாக வேண்டும். ஃப்ரெக்ஸ்ப் பூஜ்யத்துக்கு அடுக்கு 0 தரும். 0.5இன் அடுக்கும் அதனிடம் 0தான் என்பதை மறந்தால் வினை. முடிவிலிக்கும் நேனுக்கும் அது அடுக்கு மாறியில் எதைப் போடும் என்று தரம் சொல்லவில்லை. எதுவும் இருக்கலாம். ஐலாக்பி முடிவிலிக்கு இன்ட் வகையின் உச்ச மதிப்பைத் தருகிறது. பூஜ்யத்துக்கும் நேனுக்கும் தனி மாறிலிகள் உண்டு. x86 லினக்ஸில் அந்த இரண்டு மாறிலிகளும் ஒரே எண், −2147483648. பதிலை மட்டும் பார்த்து வந்தது பூஜ்யமா நேனா என்று சொல்ல முடியாது. அதைவிட மோசமானது, அந்தப் பதிலைக் கணக்கில் பயன்படுத்துவது. பத்திலிருந்து ஐலாக்பியைக் கழித்து அவ்வளவு பிட் நகர்த்து என்று எழுதியிருப்பார்கள். உள்ளே பூஜ்யம் வந்த அன்று இன்ட் வகை நிரம்பி வழியும். சி மொழியில் அது வரையறுக்கப்படாத நடத்தை. ஐலாக்பியை அழைக்கும் முன் பூஜ்யமா, முடிவிலியா, நேனா என்று விசாரித்துவிடுவதே முறை.

மூன்றாவது வழி, பிட்டுகளைக் கையால் பிரிப்பது. 64 பிட்டையும் குறியில்லாத முழு எண்ணாக எடுத்து, வலப்பக்கம் 52 இடம் தள்ளி, கீழுள்ள 11 பிட்டை மட்டும் வைத்துக்கொண்டு, 1023ஐக் கழிக்க வேண்டும். 6.5க்கு 1025, கழித்தால் 2. 11 பிட்டை மட்டும் வைத்துக்கொள்ளும் படியை மறந்தாலும் நேர்ம எண்களில் எதுவும் தெரியாது. −6.5 வந்ததும் குறி பிட்டும் சேர்ந்து 3073 ஆகி, அடுக்கு 2050 என்று வரும். சோதனையில் நேர்ம எண்கள் மட்டும் இருந்தால் பிழை பல வருடம் தூங்கும்.

டபிளின் பிட்டுகள் முழு எண் மாறிக்குள் எப்படி வருகின்றன என்பதில்தான் உண்மையான தகராறு. பழைய புரோகிராம்கள் டபிளின் முகவரியை முழு எண் பாயின்டராக மாற்றிப் படிக்கும். க்வேக் 3 விளையாட்டின் சோர்ஸ் கோடு 2005இல் வெளியானபோது உலகம் வியந்த தலைகீழ் வர்க்கமூலத் தந்திரமும் அந்த வகைதான். ஃப்ளோட்டின் பிட்டுகளை முழு எண்ணாகப் படித்து, ஒரு பிட் வலப்பக்கம் தள்ளி அடுக்கைப் பாதியாக்கி, 1597463007 என்ற மந்திர எண்ணிலிருந்து கழிக்கும். கணக்கு அழகு, பாயின்டர் வேலை சட்டவிரோதம். ஒரு வகையாகச் சேமித்த பொருளைச் சம்பந்தமில்லாத இன்னொரு வகைப் பாயின்டர் வழியே படிக்கக் கூடாது என்பது சி தரத்தின் விதி. அந்த விதி காக்கப்படுகிறது என்று நம்பித்தான் கம்பைலர் வேலை செய்கிறது. டபிளில் எழுதியதும் முழு எண்ணாகப் படிப்பதும் ஒரே இடமாக இருக்க வாய்ப்பில்லை என்று எடுத்துக்கொண்டு, படிப்பதை எழுதுவதற்கு முன்னால் நகர்த்த அதற்கு உரிமை உண்டு. ஜிசிசி கம்பைலரில் ஓ2 என்ற மேம்படுத்தல் நிலையிலிருந்தே இந்த அனுமானம் இயங்கும். மேலே சொன்ன எஃப்டிலிப்எம் லைப்ரரியும் இந்தப் பாயின்டர் பாணியில் எழுதப்பட்டதால், அந்த அனுமானத்தை அணைத்துத்தான் கம்பைல் செய்ய வேண்டியிருந்தது.

பாயின்டருக்குப் பதிலாக, டபிளையும் முழு எண்ணையும் ஒரே இடத்தில் வைக்கும் யூனியன் வழி சி மொழியில் செல்லும். 1999 தரத்துக்கு 2007இல் வந்த திருத்தம் அடிக்குறிப்பாக அதைத் தெளிவாக்கியது. சி++இல் செல்லாது. இரண்டு மொழிக்கும் பொதுவான ஹெடர் கோப்பில் யூனியன் வைப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். யூனியனுக்குள் 1, 11, 52 என்று பிட்ஃபீல்டு வகுத்து அழகாக எழுதுவது இன்னும் ஒரு படி ஆபத்து. பிட்ஃபீல்டுகள் எந்தப் பக்கத்திலிருந்து அடுக்கப்படும் என்பது கம்பைலரின் விருப்பம். மிச்சம் இருப்பது மெம்காப்பி. எட்டு பைட்டை டபிளிலிருந்து முழு எண்ணுக்கு நகலெடு என்று சொல்லுங்கள். ஃபங்ஷன் அழைப்பு என்றதும் வேகம் போய்விடும் என்று பலர் தயங்குகிறார்கள். இன்றைய கம்பைலர்கள் அந்த அழைப்பையே அழித்துவிட்டு, ஒரு ரெஜிஸ்டரிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் ஒற்றைக் கட்டளையாக மாற்றிவிடுகின்றன. பாயின்டர் தந்திரம் தருவதாகச் சொன்ன வேகமும் அதேதான். ஆகவே அந்தத் தந்திரத்துக்கு இன்று நியாயம் எதுவும் இல்லை.

பிட் வழி சப்நார்மலுக்குத் தவறான விடை தரும் என்று பார்த்தோம். லைப்ரரிகள் இதைச் சமாளிக்கும் விதம் சுவையானது. அடுக்குப் புலம் 0, எண் பூஜ்யம் அல்ல என்று கண்டால், எண்ணை 2⁵⁴ஆல் பெருக்கி இயல்பான எண்ணாக உயர்த்தி, புலத்தைப் படித்து, 54ஐக் கழிக்கிறது எஃப்டிலிப்எம்மின் ஃப்ரெக்ஸ்ப். முஸ்ல் லைப்ரரியின் ஃப்ரெக்ஸ்ப் 2⁶⁴ஆல் பெருக்கித் தன்னையே மறுபடி அழைக்கிறது. இரண்டின் அடுக்கால் பெருக்குவதில் ஒரு பிட்கூட இழப்பில்லை என்பதால் இது பத்திரமானது.

ஆனால் ஃபாஸ்ட்-மேத் என்ற கம்பைலர் விருப்பத்தைப் போட்டுவிட்டால் பத்திரம் போய்விடுகிறது. x86 லினக்ஸில் ஜிசிசி அந்த விருப்பத்தோடு லிங்க் செய்யும்போது, சப்நார்மல்களைப் பூஜ்யமாகவே பார் என்று சிப்புக்குச் சொல்லும் ஒரு துண்டையும் சேர்த்துவிடும். பிறகு 2⁻¹⁰⁷⁴ஐ எதனால் பெருக்கினாலும் பூஜ்யம்தான். பிட்டுகளை முழு எண்ணாகப் படிக்கும் பகுதிக்கு மட்டும் அந்த எண் பூஜ்யமல்லாததாகத் தெரிந்துகொண்டிருக்கும். ஒரே புரோகிராமின் இரண்டு பாதிகள் ஒரே எண்ணைப் பற்றி வேறு வேறு கருத்து வைத்திருக்கும். ஜிசிசி 13 வரும்வரை இன்னொரு கொடுமையும் இருந்தது. இந்த விருப்பத்தோடு கட்டிய ஒரு ஷேர்டு லைப்ரரியை ஏற்றினாலே போதும், அதைக் கேட்காத புரோகிராமுக்கும் இந்த நடத்தை ஒட்டிக்கொள்ளும்.

வன்பொருளிலும் வழி உண்டு. 8087 காலத்திலிருந்தே எஃப்எக்ஸ்ட்ராக்ட் என்ற கட்டளை அடுக்கையும் பின்னத்தையும் பிரித்துத் தருகிறது. ஏவிஎக்ஸ்-512 சிப்புகளில் எட்டு டபிள்களின் அடுக்கை ஒரே வீச்சில் எடுக்கும் கட்டளை இருக்கிறது. ஃப்ரெக்ஸ்ப் அடுக்கைப் பாயின்டர் வழி தருவதால், நீண்ட லூப்புகளை இப்படித் தொகுதியாக மாற்றுவது கம்பைலருக்குக் கடினம். லட்சக்கணக்கான எண்களை அடுக்கு வாரியாகக் கூடையில் பிரிக்கும் ஹிஸ்டோகிராம் போன்ற வேலைகளில் கையால் பிட் பிரிப்பதற்கு இது நியாயமான காரணம். சாதாரண வேலைக்கு ஐலாக்பி போதும்.

முழு எண்ணில் மேலே உள்ள 1 எந்த இடத்தில் என்று கண்டுபிடிக்க, அதை டபிளாக மாற்றி அடுக்கை எடுக்கும் குறுக்குவழியும் புழக்கத்தில் உள்ளது. 53 பிட் வரை சரி. 2⁶³ − 1ஐ மாற்றினால் அது 2⁶³க்கு உருண்டு, 62 வரவேண்டிய இடத்தில் 63 வரும். சி23 தரத்தில் இதற்கென்றே பிட் ஃபங்ஷன்கள் வந்துவிட்ட பிறகு இந்தச் சுற்றுவழி தேவையில்லை.

அடிமானம் 2 என்பதும் எங்கும் உறுதியல்ல. 1964இல் அறிமுகமான ஐபிஎம் சிஸ்டம்/360 பதினாறை அடிமானமாகக் கொண்டது. அந்த வடிவம் ஐபிஎம் மெயின்ஃப்ரேம்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஃப்ரெக்ஸ்ப் எங்கும் 2இன் அடுக்கையே தரும். லாக்பியும் ஐலாக்பியும் கணினியின் அடிமானத்தைப் பின்பற்றும். அங்கே 6.5க்கு ஐலாக்பி 0. லாங் டபிளின் கதை தனி. x86 லினக்ஸில் அது 80 பிட், முன்னால் நிற்கும் 1 மறையாமல் வெளிப்படையாகவே இருக்கும். பவர்பிசியில் பழைய வடிவம் இரண்டு டபிள்களின் கூட்டுத்தொகை. தலை 1.0, வால் −2⁻⁶⁰ என்று ஒரு எண் இருந்தால், தலையை மட்டும் பார்ப்பவருக்கு அடுக்கு 0. உண்மையில் எண் 1க்குக் கீழே இருப்பதால் அடுக்கு −1.

அடுக்கு என்று கேட்பவர்களில் பலருக்கு வேண்டியது பத்தின் அடுக்குதான். அதை அச்சிட்டுப் படிக்கலாம் என்பார்கள். 9.96ஐ ஒரு தசம இடத்தோடு அறிவியல் வடிவில் பிரின்ட்எஃப் மூலம் அச்சிட்டால் 1.0 × 10¹ என்று உருண்டுவிடும். அடுக்கு 0 ஆக இருக்க வேண்டிய இடத்தில் 1. 17 இலக்கத்தோடு அச்சிட்டால் டபிளுக்கு இந்தத் தொல்லை ஏறத்தாழத் தீரும், ஆனால் ஒரு அடுக்குக்காக எண் முழுவதையும் எழுத்தாக்குவது செலவு. எண்ணை அச்சிடும் லைப்ரரிகளே உள்ளுக்குள் வேறு விதமாகப் போகின்றன. இருமத்தின் அடுக்கைப் பிட்டிலிருந்து எடுத்து, 10 அடிமானத்தில் 2இன் மடக்கையான 0.30103ஆல் பெருக்கி ஒரு மதிப்பீடு செய்து, பிறகு ஒன்று பிசகியிருந்தால் திருத்திக்கொள்கின்றன. உல்ஃப் ஆடம்ஸ் 2018இல் வெளியிட்ட ர்யூ முறை அந்தப் பெருக்கலையும் முழு எண்ணிலேயே செய்கிறது. 78913ஆல் பெருக்கி 18 பிட் தள்ளினால், டபிளுக்குத் தேவையான வீச்சு முழுவதற்கும் விடை பிசகாது.